அளத்தம்மன் திரும்பி நின்ற கதை

பெரியளத்தில் படம், சிலை, சித்திரம் என்று முகமுள்ளதெல்லாம் ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்ட அன்று காலையில் தண்ணீர் லாரியும் வரவில்லை என்பதால், லாரியைத் திட்டி முடித்த பிறகுதான் ஜனங்கள் மற்றதைப் பேச ஆரம்பித்தார்கள். குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்ற பெண்களில் ஒருத்தி, சுவரொட்டியில் நேற்றுவரை கைகூப்பிக்கொண்டிருந்த தலைவர் வெறும் சட்டை முதுகாக நிற்பதைப் பார்த்து, ஒட்டியவன் போதையில் மாற்றி ஒட்டிவிட்டான் என்றாள். அடுத்தவள் தன் வீட்டு நாட்காட்டியில் லட்சுமியின் கொண்டை மட்டும்தான் தெரிகிறது என்றாள். மாதா கோயில் வாசலில் மாதா, டீக்கடையில் நடிகர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் செத்துப்போனவர்கள், கல்யாண ஆல்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும், செல்போனுக்குள் இருந்த பேரப்பிள்ளைகள், ரேஷன் அட்டையில் குடும்பத்தலைவி, எல்லோருமே அந்தப் பக்கமிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பி, கூப்பிட்டவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்கள்.

"ஓட்டு வாங்குன மறுநாளே இவரு திரும்பிட்டாரு. சுவரொட்டிக்கு இன்னைக்குத்தான் சேதி வந்திருக்கு" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான் கடைக்கார ராயப்பன். இருந்தவர்கள் சிரித்தார்கள். உப்பு அள்ளப் போகிறவர்கள் காலில் எண்ணெய் தடவிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் உப்பளத்துக்குப் போனார்கள். செந்தட்டி மட்டும் பாதி குடித்த டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு அம்மன் கோயிலைப் பார்த்து ஓடினான்.

அவன் கோயில் கோயிலாகப் போய்ச் சுதைச் சிலைகளுக்கு வண்ணம் பூசுகிறவன். அவனுக்கும் உலகம்மாளுக்கும் பிறந்தது ஒரே பிள்ளை, வடிவு. ஆறாம் வகுப்பில் இருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே தாய் மடியில் அடங்கிப்போனாள். படம் எடுக்கிற செல்போன் அப்போது அவர்கள் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். அதிலும் பிளாஷ் அடித்த நொடியில் அவள் கண்ணை மூடியிருந்தாள். பார்க்கும்போதெல்லாம் பிள்ளை தூங்குகிறாளா போய்விட்டாளா என்று தோன்றியதால் உலகம்மாள் அதை அரிசிப் பானைக்கு அடியில் போட்டுவைத்தாள். மறுவருஷம் குடமுழுக்குக்காக அளத்தம்மனுக்கு வண்ணம் புதுப்பிக்கச் செந்தட்டியைக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்த வடிவை அவன் அம்மனின் முகத்தில் எழுதினான்.

ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அம்மன் சின்னப்பிள்ளையாகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது, அவ்வளவுதான். நடை திறந்து தீபாராதனை காட்டியபோது கூட்டத்தில் நின்ற உலகம்மாள், மகளைக் கூப்பிடுவதுபோல, "ஏட்டி" என்றாள். அருள் வந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் திருநீறு பூசிவிட்டார்கள். அன்றிலிருந்து அளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் வாசலில் நின்று, இன்றைக்கு என்ன குழம்பு, கங்காணி என்ன சொல்லி வைதான், எந்தப் பாத்தியில் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அம்மன் கேட்டுக்கொண்டிருக்கும். அது கேட்கிற முகம். அந்த ஒரு முகத்தை வைத்துத்தான் புருஷனும் பெண்டாட்டியும் உயிரோடிருந்தார்கள்.

செந்தட்டி போனபோது அம்மன் சுவரைப் பார்த்து நின்றது. சிலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைய இடமுண்டு. நுழைந்து போனான், அங்கேயும் முதுகுதான். வலப்பக்கம் வந்தான், முதுகு. இடப்பக்கம் வந்தான், முதுகு. அவன் எந்த இடத்தில் நின்றானோ அந்த இடத்துக்கு முதுகு. அதுவும் எழுதாத முதுகு. சுவரோரம் நிற்கிற சாமிக்கு யாரும் பின்பக்கம் எழுதுவதில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு கறுப்பை இழுத்துவிடுவதுதான் தொழில் வழக்கம். கறுப்புக்குக் கீழே, சுதை ஈரமாக இருக்கும்போது பதிந்த கொத்தனாரின் கைத்தடம்கூட அப்படியே இருந்தது. ஊரில் இருந்த அத்தனை சாமிக்கும் இப்போது வேலை முடியாத பக்கம்தான் ஊரைப் பார்த்திருந்தது.

உலகம்மாள் அளத்திலிருந்து வந்தாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாய் இருந்தது.

"நாம என்ன செஞ்சோம்?" என்றாள்.

கொஞ்ச நாள் அவள் அந்த முதுகிடமும் குழம்பைப் பற்றிச் சொல்லிப்பார்த்தாள். பிறகு கோயிலைச் சுற்றிக்கொண்டு வேறு வரப்பில் போகத் தொடங்கினாள்.

படத்தோடும் சிலையோடும் நின்றுவிடும் என்று ஊர் நினைத்தது. நிற்கவில்லை. கோயில் கொடைவிழாவுக்கு வில்லுப்பாட்டுப் பாட வந்த அம்மாள் வில்லை அடித்து வாயைத் திறந்ததும், பாட்டு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை விட்டு அந்தப் பக்கமாகப் போயிற்று; அடுத்த தெருவில் யாருக்கோ பாடுவதுபோலக் கேட்டது, எழுந்து அடுத்த தெருவுக்குப் போனால் அதற்கும் அடுத்த தெருவில் கேட்டது. நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதினார், ஊதியதெல்லாம் கடலுக்குப் போயிற்று. தாலாட்டுப் பாடினால் தொட்டில் பிள்ளை தூங்காமல், பாட்டுப் போன திக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் சலங்கை கட்டிய பிள்ளைகள் மேடையேறிய நொடியில் திரைச்சீலையைப் பார்த்துத் திரும்பி, அங்கே ஒரு பெருங்கூட்டம் இருப்பதுபோல, முன்னெப்போதும் ஆடாத அழகோடு ஆடினார்கள். நாடகத்தில் புருஷனைப் பறிகொடுத்த ராணி முதுகாக அழுதாள், ராஜா முதுகாகச் செத்தான். ஜனங்கள் ஓடிப்போய் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ராணி மறுபடி திரும்பிக்கொண்டாள். கதை சொன்னவர்களுக்கும் அதே கதிதான். கதை வாயிலிருந்து கிளம்பி வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்தது, எதிரே இருந்தவர்களுக்கு இன்னார் வந்தார், இன்னார் போனார் என்ற தகவல் மட்டும் மிஞ்சியது.

ஆனால் மனுஷருக்குப் பழகாதது என்ன இருக்கிறது. அடுத்த கொடைக்குள் எல்லாம் பழகிப்போயிற்று. பூசாரி அம்மனுக்குப் பிடரியில் பொட்டு வைக்கவும் சடையில் மாலை போடவும் கற்றுக்கொண்டார். சலூனில் கூட்டம் நெருக்கியது; பின்னந்தலையைத் திருத்தமாக வெட்டத் தெரிந்தவனிடம் அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். அலுவலகங்களில் பிடரியும் இரண்டு காதும் தெளிவாகத் தெரியும்படியான படம் ஒட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் சடைதான் வந்தது, சடையை வைத்தே குணம் சொன்னார்கள் மாமியார்கள். புருஷன் செத்த ஒருத்தி வேறு எவனுடைய அஞ்சலிச் சுவரொட்டியின் முன்னாலோ உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க அழுதுவிட்டு வந்தாள். விஷயம் தெரிந்தபோது, அழுதது அழுததுதானே என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துபோனாள்.

வேறு சிலதும் மாறின, அவற்றை யாரும் திரும்பியதோடு சேர்த்துப் பேசவில்லை. ராயப்பன் முன்பெல்லாம் டீத்தூளில் புளியங்கொட்டைப் பொடியைக் கலக்குமுன் கடையில் இருந்த மாதா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பான். இப்போது அந்த வேலை மிச்சம். பெண்டாட்டியை அடிக்கிறவன் சாமி படம் மாட்டிய அறையில் அடிக்கமாட்டான், கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போவான். இப்போது எந்த அறையானாலும் ஒன்றுதான். கண் கலங்குவது குறைந்தது. வெட்கப்படுவதும் குறைந்தது. ஊர் அமைதியாக, அதன் பாட்டுக்கு, யாரும் பார்க்காத ஒருத்தர் வீட்டுக்குள் நடமாடுவதுபோல நடமாடியது.

செந்தட்டிக்கு மட்டும் தூக்கமில்லை. வண்ணவேலைக்கு யாரும் கூப்பிடாததால் கிடங்கில் காவலுக்குப் போனான். உப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வடிவின் முகத்தை நினைத்துப் பார்ப்பான். முதலில் முழுதாக வந்தது. பிறகு தவணையில் வந்தது, ஒரு நாள் புருவம், ஒரு நாள் மேலுதடு.

இப்படியே போயிருக்கும், பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா இருந்திருந்தால். பெரியளத்துக்காரர்களைப் பேருந்தில் பார்த்தால் "முதுகூரான் வாரான், திரும்பி உக்காருங்கவே" என்று கேலி பேசினார்கள். அதற்குத்தான் ரோஷம் வந்தது. கோயில் தர்மகர்த்தா தங்கபெருமாள் ஊரைக் கூட்டி, எல்லாச் சிலைக்கும் முதுகுப்பக்கத்திலேயே ஒரு முகத்தை எழுதிவிடுவது, படங்களுக்கும் அப்படியே செய்துவிடுவது, முதலில் அளத்தம்மனில் தொடங்குவது என்று சொன்னார். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் எழுந்து, கலை என்பது அழகு, அழகு எந்தப் பக்கம் இருந்தாலும் அழகுதான் என்று கொஞ்சநேரம் பேசினார். அது பொழுதுபோக்குக்குத்தானே என்றார் ஒருவர். கும்பிட ஒரு குறி வேண்டாமா என்றார் இன்னொருவர். செந்தட்டி தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டான்.

"ஏன் முடியாது? கலைன்னா என்னவே, நாம பாக்கணும், பாக்க லெச்சணமா இருக்கணும், அம்புட்டுத்தானே" என்றார் தங்கபெருமாள்.

"இல்ல அண்ணாச்சி. அது நம்மளப் பாக்கணும். பாட்டோ கூத்தோ படமோ, எல்லாம் அதுக்குத்தான். நாம இங்கன இருக்கோம்னு அதுக்குத் தெரியணும்."

"பாக்குற மாதிரி எழுதிப்புடு. பாக்குதா இல்லையான்னு எவன் போயிக் கேக்கப் போறான்?"

கூட்டம் சிரித்தது. செந்தட்டி எழுந்து வீட்டுக்கு வந்தான். விஷயம் அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. உலகம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"எழுதுங்க" என்றாள். "எனக்கு அவ முகம் மறந்துபோவுது. காலையில இருக்கா, உப்புல நின்னு நிமிந்தா வெள்ளையா போயிருதா. முழுசா போறதுக்கு முந்தி எழுதிருங்க. அவளையே எழுதுங்க."

அதற்குப் பிறகு அவன் மறுக்கவில்லை.

கோயில் கதவைச் சாத்திக்கொண்டு, சாரத்தில் அவனும் கீழே அவளுமாக இருந்தார்கள். அவன் சாக்குக்கட்டியால் மூக்கை இழுத்தான். அவள் அது இல்லை என்றாள், பிள்ளைக்கு அம்மாச்சியின் மூக்கு என்றாள். அழித்து இழுத்தான். நெற்றி தன் வீட்டார் பக்கத்து நெற்றி என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அது தெரியாமலா பெற்றேன் என்றாள் அவள். சிரித்தால் கீழ்ப்பல் தெரியுமா தெரியாதா என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. உம்ம தங்கச்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர் என்றாள். நீ உன் சித்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றான். அரிசிப் பானைக்கு அடியில் இருந்த படத்தை எடுத்துவந்து பார்த்தார்கள். அதில் இரட்டைச் சடையும் ரிப்பனும் மட்டும்தான் இருந்தன. அழித்து அழித்து எழுதியதில் சுதையில் வெள்ளை பூத்துப்போய், கடைசியில் எந்தக் கோடு யார் சொன்னது என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்று. அழகான முகமாகத்தான் வந்தது. எந்தக் கோயிலிலும் பார்க்கிற முகம்.

கண்ணைக் கடைசியில்தான் திறப்பது. சிலையின் முதல் பார்வை மனுஷர்மேல் படக்கூடாது, தாங்காது என்று எதிரே கண்ணாடியைப் பிடிப்பார்கள். உலகம்மாளை விலகச் சொல்லிக் கண்ணாடியை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்தபடி கண்மணியில் கறுப்பை வைத்தான். உடம்பில் ஒரு நடுக்கம் வரும், எப்போதும். வரவில்லை. பிரஷைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். உலகம்மாள் கண்ணாடியை நகர்த்திவிட்டுப் பார்த்தாள்.

"இது நம்ம புள்ள இல்ல" என்றாள். கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "பரவால்ல. பாக்குற மாதிரி இருக்குல்ல" என்றாள்.

ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்து மாதா, பிறகு சந்திப்பில் நின்ற சிலைகள், பிறகு வீட்டுப் படங்கள் என்று செந்தட்டிக்குக் கை ஒழியவில்லை. செத்துப்போன அப்பாவின் பிடரியில் ஒரு அப்பாவை எழுதச் சொன்னார்கள், எழுதினான். யாரை எழுதினாலும் அம்மனின் அந்தப் புதுமுகம்தான் வந்து நின்றது, மீசை வைத்தால் ஆண், பொட்டு வைத்தால் பெண். யாரும் குறை சொல்லவில்லை, எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவுபோல இருப்பது நல்லதுதானே என்றார்கள். நாடகக்காரர்கள் பின்னந்தலையில் அட்டைமுகத்தைக் கட்டிக்கொண்டு நடித்தார்கள். பாட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்; பாடுகிறவர் பாட்டை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கைதட்டலைப் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் ஊர் கொடை மாதிரி வராது என்று சொல்லிப் போனார்கள். உலகம்மாள் மறுபடி கோயில் வரப்பிலேயே வந்துபோனாள். நிற்கமாட்டாள், நடந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

வருஷங்கள் போயின. மகளை நினைத்தால் செந்தட்டிக்கு இப்போது தடங்கலே இல்லை, உடனே வந்தாள், அவன் எழுதிய அந்த முகத்தோடு. அதில் அவன் சந்தேகப்படவும் இல்லை. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை செத்ததும், பெரியாஸ்பத்திரி வழியும், மடியின் கனமும் அப்படியே இருந்தன. அந்தக் கனத்துக்கு இந்த முகம்தான் என்று எப்போதோ பொருந்திப்போயிற்று.

ஒருநாள் காலையில், வந்த தண்ணீர் லாரியில் எல்லோரும் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, போனதெல்லாம் திரும்பி வந்தது. நாட்காட்டியில் லட்சுமியும், வாசலில் மாதாவும், சுவரில் செத்தவர்களும், ஆல்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் பார்க்கவேண்டியதைப் பார்த்து முடித்தவர்களாகத் திரும்பி, தங்கள் சொந்த முகத்தோடு பெரியளத்தைப் பார்த்தார்கள். அளத்தம்மனும் திரும்பிற்று. கருவறையில் வடிவு, செந்தட்டி எழுதிய அன்றிருந்த அதே வடிவு, கண்ணைத் திறந்துகொண்டு, சொல்லுங்கள் என்பதுபோல வாசலைப் பார்த்து நின்றாள்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. யார் யாரோ வீட்டுக்குள் வந்து நிற்கிறார்கள் என்றார்கள். சாப்பிட உட்கார்ந்தால் சுவரிலிருந்து பார்க்கிறார்கள், கை இலையிலேயே நிற்கிறது என்றார்கள். தன் அப்பாவின் படத்தைப் பார்த்து ஒருவன், இந்த ஆளுக்கும் நமக்கும் என்ன, இப்படி முறைக்கிறான் என்று கோணியைப் போட்டு மூடினான். ராயப்பன் மாதா படத்தைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தான். பூசாரி கருவறைக்குள் போக மறுத்தார், அம்மன் உத்துப் பார்க்கிறது, மந்திரம் மறந்துபோகிறது என்றார். தங்கபெருமாள் செந்தட்டிக்கு ஆளனுப்பினார். பழைய முகத்தை, அதாவது எல்லோருக்கும் பழகின முகத்தை, இதன்மேல் எழுதிவிடச் சொன்னார். முதலில் அம்மனுக்கு.

நட்டப்பகல். வாசலுக்கு வெளியே உப்பு கண்ணைக் கூசவைத்தது. செந்தட்டி சாரத்தில் ஏறி முகத்துக்கு நேரே நின்றான். ஒரு பெண்பிள்ளை. எவனோ ஆசையாக எழுதியிருக்கிறான், தொழில் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டான். சாப்பாடு கொண்டுவந்த உலகம்மாள் தூக்குவாளியோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ" என்றாள். "ரொம்ப நேரம் பாக்க முடியல. முடிச்சிட்டு வாங்க, சோறு ஆறுது."

வாளியை வைத்துவிட்டு அளத்துக்குப் போனாள். செந்தட்டி எனாமல் வண்ணத்தைக் கலக்கினான். கண்ணைக் கடைசியில்தான் தொடவேண்டும், ஆனால் அது பார்த்துக்கொண்டிருக்க வேலை ஓடாது என்று தோன்றியதால் கண்ணிலிருந்தே தொடங்கினான். வலதுகண் ஒரே இழுப்பில் மறைந்தது. இடதுகண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கை லேசாக நடுங்கியது; வயசாகிவிட்டது என்று நினைத்து, இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிரஷை மறுபடி தோய்த்தான்.